வேகம் குறைக்கும் பட்டன்

இன்று பாலவனத்தம் பஸ்ஸில் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர்.

நான் அங்கே படித்தேன். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் கார் ரேஸ் கேம் ஆடுவோம். பழைய மெஷினில் அவரை யாரும் ஜெயித்ததில்லை.

பிறகு வேகமான புது மெஷின் வந்தது. அதில் அதே கேம் தலைதெறிக்க ஓடியது. வளைவு தெரியும் முன்பே கார் மோதிவிடும்.

வேகத்தைக் குறைக்க அதன் முன்பக்கமே ஒரு பட்டன் இருந்தது. மெஷினோடு வந்த புத்தகத்தைப் படித்தவன் நான் மட்டும்தான். யாரிடமும் சொல்லாமல், தனியாக ஆடும்போது அழுத்திக்கொள்வேன். ஸ்கோர் பட்டியலில் முதலிடம் எனக்கு வந்தது.

"புது மெஷினுல எனக்குக் கை ஓடலப்பா. வயசாயிருச்சுன்னு அன்னைக்கே விட்டுட்டேன்" என்று இன்று சிரித்தார்.

அப்போது அவருக்கு முப்பது வயது.

சொல்ல வாயெடுத்தேன். "நீ கெட்டிக்காரன்" என்றார்.

நம்பர் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்து ஒரு பட்டனைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது, யாராவது சொல்லுங்கள்.