எர்த் போல்ட்டுக்கு அடித்த பெயிண்ட்

பூந்தமல்லியில் கடை வைத்திருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் பெயரை நான் கெடுத்தேன். தவறு அவருடையதல்ல, என்னுடையது என்று தெரிந்த பிறகும் எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.

ஆவடியில் ராணுவ வண்டிகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் ஆறேழு ஜீப்காரர்களோடு வெள்ளானூர் பக்கம் சேற்றிலும் ஏரிக்கரையிலும் ஓட்டுவேன். குழுவில் எல்லாரும் எனக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டர் சார்.

பம்பருக்கு மேல் இரண்டு கூடுதல் விளக்குகளை அந்தப் பூந்தமல்லிக் கடைக்காரர், பாய்தான் பொருத்திக் கொடுத்தார். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் எர்த் வயருக்காக, வண்டியின் அடிச்சட்டமான சேஸில் பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளத்த இடத்தில் போல்ட் போட்டு இறுக்கினார். சரியான வேலை. வீட்டுக்கு வந்து, அடுத்தவர் வேலையைச் சோதிக்கும் பழக்கத்தில் அந்தப் போல்ட்டைக் கழற்றினேன். வெறும் இரும்பு தெரிந்தது. துளி இரும்பு வெளியே தெரிந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பியே வேலைக்காலத்தைக் கழித்தவன். கை சும்மா இருக்கவில்லை. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் சிவப்பு ரெட் ஆக்சைடு பெயிண்ட்டை இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, மறுபடி இறுக்கினேன். பெயிண்ட் கரண்ட்டைத் தடுக்கும்; ஆனாலும் போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் போனதால் அப்போதைக்கு விளக்கும் எரிந்தது.

அந்த ஞாயிறு மாலை, இருட்டும் நேரத்தில், ஏரிக்கரை மேட்டில் வண்டி குலுங்கியதும் இரண்டு விளக்கும் மங்கி, சிமிட்டி, அணைந்தன. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. கயிறு கட்டி இழுத்தார்கள்.

“இன்னா இன்ஸ்பெக்டர் சார், டாங்கிக்கே லைட்டு பாத்தவரு, மெழுகுவத்தி ஏத்திகினு வந்துகீறீங்க!” என்றார் கொரட்டூரிலிருந்து வரும் ஜீப்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

“பாய் பண்ண வேலைங்க. வயரிங் தெரியாத ஆள்கிட்ட குடுத்துட்டேன்” என்றேன். வீடு திரும்பியதும் வாட்ஸ்அப் குழுவில் அதையே எழுதி, யாரும் அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்றும் சேர்த்தேன்.

விஷயம் காதில் விழுந்து, மூன்றாம் நாள் பாய் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஒரு தடவ மீட்டர் வச்சுப் பாத்துடறேன் சார். எர்த்து நல்லா சொரண்டித்தான் குடுத்தேன்.”

சுரண்டி என்ற சொல்லைக் கேட்டதுமே நான் அடித்த பெயிண்ட் ஞாபகம் வந்தது. ஆனாலும் பானெட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, “வேணாம் பாய், நானே பாத்துக்கறேன்” என்றேன். அவர் குனிந்து பம்பரின் அடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அவர் தெரு முனை திரும்பியதும் மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி சரி. ஃபியூஸ் சரி. விளக்குக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலே டிக்கென்று பிடித்தது. விளக்குக்கு வரும் வயரில் கரண்ட் முழுதாக இருந்தது. விளக்கை எரியவிட்டு, அதன் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே மீட்டரை வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து வோல்ட் காட்டியது; திரும்பும் வழியில் பெயிண்ட் மறிக்கிறது என்று அர்த்தம். போல்ட்டைக் கழற்றி, நான் அடித்த பெயிண்ட்டைச் சுரண்டி இறுக்கினேன். விளக்கு வெளிச்சத்தில் காம்பவுண்டுச் சுவர் வெள்ளையாகப் பளிச்சென்றது.

அன்றே குழுவில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இன்ஸ்பெக்டர் சார் என்று கூப்பிடுவது நின்றுவிடும் என்று பயந்தேன். எப்போதும் இரண்டு மூன்று ஜீப்புகள் நிற்கும் அந்தக் கடை வாசல் காலியாகக் கிடந்ததைப் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். பிறகு பஸ்ஸில் கடை தெரியாத மறுபக்கம் உட்கார ஆரம்பித்தேன்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு நாள் அந்தக் கடையைப் பற்றி விசாரித்தார். “அங்க போவாதீங்க, நம்ம சாரே சொல்லிட்டாரு” என்றார் கொரட்டூர்க்காரர், என்னைக் கைகாட்டி. அதற்கு மேல் தாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் அதே பெயிண்ட்டை அடித்துக் காயவைத்தேன். ஞாயிறன்று எல்லாரையும் ஜீப்பின் முன்னால் நிறுத்தி விளக்கைப் போட்டேன். மங்கலாக எரிந்தது. மீட்டரைக் காட்டினேன். கழற்றி, சுரண்டி, மறுபடி இறுக்கிப் போட்டேன். கண் கூசியது.

“பெயிண்ட் அடிச்சது நான். பாய் மேல தப்பே இல்ல. எட்டு மாசமா எனக்குத் தெரியும்.”

கொரட்டூர்க்காரர், “எங்களாண்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? அந்தாளாண்ட வந்து சொல்லுங்க” என்றார்.

வந்திருந்த ஆறு ஜீப்பும் பூந்தமல்லிக்குப் போயின. கடை வாசலில், எல்லாருக்கும் கேட்கும்படி பாயிடம் உண்மையைச் சொன்னேன். கைகூப்பி மன்னிப்பும் கேட்டேன்.

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். “அன்னிக்கே சேப்புப் பெயிண்ட்ட பாத்துட்டேன் சார். நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்.”

குழுவில் நான்கு பேர் இப்போது மறுபடி அவரிடம் போகிறார்கள். எர்த் போல்ட்டை இறுக்குவதற்கு முன், சுரண்டிய இரும்பைப் போட்டோ எடுத்து வண்டிக்காரருக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுகிறாராம். முன்பு அவருக்கு அந்த வழக்கம் இல்லை. என் ஜீப்பையும் கொண்டுபோனேன். வேறு கடையில் பார்த்துக்கொள்ளச் சொன்னார், மரியாதையாகத்தான்.