தோற்றவர்களின் கையைப் பிடிப்பவர்

பாரிசின் லா சப்பல் தெருவில், சலூனில் பக்கத்து நாற்காலிக்காரரின் கைபேசியிலிருந்து அந்தக் குரல் கேட்டது. இத்தாலியத் தொலைக்காட்சியில் வினாடிவினா நடத்தியவர். இறந்துவிட்டாராம், பழைய நிகழ்ச்சியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாரிசுக்கு வருமுன் நாங்கள் பலேர்மோவில் இருந்தோம். எங்கள் ஒற்றை அறையில் எப்போதும் காயாத உடுப்பின் வாசமும் மீன் பொரித்த புகையும் இருக்கும். வீடுகள் துடைத்துவிட்டு வரும் அம்மா, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் டிவியில் அவர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

"கப்பலிலை பாடித் திரிஞ்ச மனுசன். பிறகு ரேடியோ, அதுக்குப் பிறகுதான் டிவி," என்று சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல அப்பாவிடம் சொல்லுவார்.

அம்மாவின் இத்தாலியன் முழுவதும் அவரிடம் கேட்டதுதான். போட்டியில் தோற்றவரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து அவர் சொல்வது அம்மாவுக்கு மனப்பாடம்: "பரவாயில்லை, நீங்கள் நன்றாகத்தான் விளையாடினீர்கள்."

அப்பா வேலையிடத்தில் விழுந்த அன்று, காப்பாற்ற முடியவில்லை என்று மருத்துவர் வந்து சொன்னார். அம்மா அந்த மருத்துவரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, அதே வசனத்தை அதே ராகத்தில் சொன்னார். மருத்துவர் அழுதுவிட்டார். பள்ளிக்கூடத்தில் இத்தாலியன் படித்த எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

தலைமுடியை வெட்டிக்கொண்டு புறநகர் ஸ்தேனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா கதவைத் திறந்தார்.

"என்ன தம்பி, முகம் ஒருமாதிரிக் கிடக்கு?"

"அந்த டிவிக்காரர் செத்துப்போனாரம்மா."

அம்மா இரண்டு கைகளையும் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். எனக்கும் அந்த ஒரு வசனம்தான் வாய்வரை வந்தது. அதைச் சொல்ல முடியவில்லை.