'புனைவு' என்ற சொல்லுக்கு நான் எழுதிய ஸ்லிப்

மைசூரில் ஓர் அகராதி ஆபீஸில் இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டினேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடக் கூடாது. அதனால் முதல் வருடத்தில் செய்த திருட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தமோ அத்தனை ஸ்லிப் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் யாரோ உண்மையில் எழுதிய அல்லது பேசிய வாக்கியமும், அது கிடைத்த இடமும் இருக்கும். சொந்தச் சரக்கைக் கலந்தால் வேலை நிரந்தரமாகாது. நானோ புரொபேஷனில் இருந்தேன்.

எனக்கு வந்த சொல் 'புனைவு'. கற்பனையில் உருவாக்கியது என்ற அர்த்தத்துக்கு ஸ்லிப் குவிந்தது. அது எதிலிருந்து வந்தது என்பதற்குத்தான் ஒன்றும் சிக்கவில்லை. பூத் தொடுப்பதிலிருந்து வந்திருக்கும் என்று மனசு சொன்னது. மேற்கொண்டு தேடச் சோம்பல். "இந்த மாலை நான் புனைஞ்சது – தேவராஜ மார்க்கெட் பூக்காரம்மா" என்று நானே எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

எடிட்டர் ராகவன் சார் லேசில் எதையும் நம்பமாட்டார். மறுநாள் மார்க்கெட்டுக்கே போய் வந்தார்.

"ஏம்மா, ஏழு பூக்காரம்மாவைக் கேட்டேன். எல்லாரும் கட்டறதுன்னுதான் சொல்றாங்க. கடைசி அம்மா, 'ஹூவு பேக்கா, பேடவா?', பூ வேணுமா வேண்டாமான்னு கன்னடத்துல கோவிச்சுக்கிட்டா. ஒரு மாரு, அதான் நாலு முழம், மல்லிகை வாங்கிட்டுத்தான் தப்பிச்சேன். நீ எழுதின பூக்காரம்மாவுக்கு எந்தக் கடை?"

பயத்தில் என் சொந்த ஊரான கௌதள்ளியின் பேச்சு தானாக வந்துவிட்டது.

"எந்தக் கடையும் இல்லீங் சார். நானே எழுதினதுங்."

அவர் பழம்பாடல் டிராயரை இழுத்துக் காட்டினார். புனைதல் என்றால் தொடுப்பது, அலங்கரிப்பது, செய்வது. ஸ்லிப் கட்டுக்கட்டாக இருந்தது, என் மேஜையிலிருந்து நாலடி தூரத்தில்.

"நீ நினைச்சது சரிதாம்மா. உண்மைக்குப் போய் யாராவது பொய்சாட்சி கொண்டு வருவாங்களா?"

வெட்கத்தில் அழுதுவிட்டேன். கேட்டதும் ஒத்துக்கொண்டதால் வேலை தப்பியது, தண்டனை தப்பவில்லை. என் ஸ்லிப்பைக் கிழித்துவிட்டு, புதிய ஸ்லிப் ஒன்றை அவரே எழுதினார்: "பூக்காரம்மா சொன்னதாக இவர் எழுதியது முழுப் புனைவு."

"இது நெஜம்மா நடந்தது. தாராளமா அச்சில போடலாம்" என்றார்.

போட்டும் விட்டார். என் பெயரை மட்டும் விட்டுவிட்டார். தெரியாதது குற்றமில்லை, தேடாமல் எழுதுவதுதான் குற்றம் என்று அன்று கற்றுக்கொண்டேன். நம்பாதவர்கள் எங்கள் அகராதியில் 'பு' வரிசையைப் பார்க்கலாம்.