நம்பும்படியான ஒருத்தி

மாமா கொழும்பிலிருந்து வந்தபோது அவருடைய சட்டைப்பையில் ஒரு தாயக்கட்டை இருந்தது. நெல்லிக்காய் அளவு, நீல நிறம், இருபது முகங்கள். அதைப் பார்த்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இதுல காசு வைப்பாங்களா?" என்பதுதான். இல்லை என்று மாமா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அப்பா நம்பவில்லை. வளர்ந்த ஆள் ஒருவன் காசு வைக்காமல் தாயம் உருட்டுகிறான் என்றால், அது காசு வைப்பதைவிட மோசமான விஷயமாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு போன் கடையில் வேலை பார்த்தார். அறையில் கூடத் தங்கியிருந்த பையன்களிடம் அந்த விளையாட்டைக் கற்றிருந்தார். அதற்குப் பலகை கிடையாது, போனும் தேவையில்லை. மாமா ஒரு ராஜ்ஜியத்தைப் பற்றிச் சொல்வார். அதில் மந்திரக்காரர்கள் இருப்பார்கள், பேசும் ஓநாய்கள் இருக்கும். நாம் அதற்குள் போக வேண்டுமானால் நமக்கென்று ஒரு ஆளை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஆளாகவே பேச வேண்டும், அந்த ஆளாகவே முடிவெடுக்க வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும்.

எனக்கு அப்போது பதினோரு வயது. தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மார்கழி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் விளையாட உட்கார்ந்தோம். நான் உருவாக்கியவள் ஓர் இளவரசி. அவள் கையிலிருந்து நெருப்பு வரும், அவளுக்குப் பயமே கிடையாது. கோட்டை வாசலில் காவலாளி அவளை உள்ளே விடவில்லை.

"ஏன் மாமா?"

"அவனுக்கு நம்பிக்க வரல. எனக்கும் வரல. இவ பயந்தா கைய என்ன செய்வா? யாருகிட்ட பொய் சொல்லுவா? எதச் சொல்லும்போது தடுமாறுவா? அதெல்லாம் தெரியாம அவ எப்பிடி ஆளாவா?"

நான் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள் வேறொருத்தியோடு வந்தேன். லுணுகலைக் காட்டுப் பக்கத்திலிருந்து தேன் கொண்டுவந்து விற்பவள். குளிர் வந்தால் ஒரு காலை இழுத்து நடப்பாள். யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால் காது கேட்காததுபோல் இருப்பாள். காவலாளி அவளிடம் ஒரு வாய் தேன் வாங்கி நக்கிவிட்டுக் கதவைத் திறந்தான். "இப்ப நம்புறேன்" என்றார் மாமா. அன்றிலிருந்து நான் எல்லோரையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். யார் பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுகிறார்கள், யார் தேவையில்லாமல் சிரிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமானது.

அப்படிப் பார்க்கப் போய்த்தான் அம்மா மீது சந்தேகம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மாமாவும் பதுளைக்குப் போனார்கள். சாமான் வாங்க என்றாள் அம்மா. சாமான் வாங்குவதற்கு யாரும் கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு போக மாட்டார்கள். திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. கட்டிலுக்கடியில் ஒரு புதுப் பை முளைத்தது. நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. அப்பாவோ ஒன்றும் கேட்காமல் வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார். எதையும் சந்தேகப்படுகிற அப்பா சும்மா இருந்ததுதான் எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. என் தம்பிக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. அம்மா மார்பில் வேப்பெண்ணெய் தடவி அவனுக்குப் பாலை மறக்கடித்தாள். அவன் அழுத அழுகைக்குப் பக்கத்து வீடுகள் விழித்துக்கொண்டன.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கி அடுப்படிச் சுவரோரம் நின்றபோது உள்ளே பேச்சுக் கேட்டது.

"எத்தன பிள்ளைங்க?" இது மாமா.

"ஒண்ணுதாங்க. பொம்பளப் பிள்ள."

"வயசு?"

"பதினொண்ணு."

"வேற பிள்ளைங்க இல்லையா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மாவின் குரல், "இல்லைங்க."

"அக்கா, அந்த எடத்துல நிக்கக் கூடாது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவும் விளையாட வரப் போகிறாள்! எனக்குத் தெரியாமல் ஒருத்தியை உருவாக்குகிறாள், மாமா கள்ளத்தனமாக அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நேரே உள்ளே போய்க் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆமா பிள்ள" என்றார் மாமா. "ஆனா யாருகிட்டயும் சொல்லக் கூடாது. இந்த வெளையாட்டுல வாசல் காவலுக்கு நெசமான ஆள் வருவாங்க. வீட்டுக்கே வருவாங்க."

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் மகிழ்ச்சியில் விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். தோட்டத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயம் சரிவில் நின்றது. அந்த மழையில் பின்சுவர் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது. மழை பெய்தால் அம்மா தூங்குவதில்லை. வேறிடத்தில் வீடு கட்டிக்கொள்ள அவள் குவைத்துக்கு வேலைக்குப் போவது என்று முடிவு செய்திருந்தார்கள். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் அப்போது தாய்மாரைப் போகவிட மாட்டார்கள். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அன்று பதுளைக்குப் போனது கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க; பொட்டை அழித்ததும் அதற்காகத்தான். இதில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது.

நான் அம்மாவுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினேன். முதல் நாளே ஒரு பிழையைப் பிடித்தேன். "ஒரே பிள்ள, அதுவும் பதினோரு வயசுன்னா, ஏன் ஆடிக்கிட்டே பேசுறீங்க?"

அம்மா குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். தம்பி கீழே தூங்கிக்கொண்டிருந்தான். இடுப்பு மட்டும் அவனை இன்னும் தாலாட்டிக்கொண்டிருந்தது. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பேசப் பழகினாள்.

"வெறுமனே இல்லைங்கன்னா நம்ப மாட்டாங்க" என்றேன். "ஒண்ணு பொறந்து செத்துப்போச்சுன்னு சொல்லுங்க. அப்பத்தான் மேல கேக்க மாட்டாங்க."

"வாயக் கழுவுடி!" என்று கத்திவிட்டு, தூங்குகிற தம்பியை வாரி எடுத்து அவன் தலையை மோந்தாள் அம்மா. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல யோசனைக்கு இதுவா மரியாதை? தேன்காரிக்கு நான் இரண்டு பிள்ளைகளைச் சாகடித்திருந்தேன், அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

விசாரிக்க வந்தவர் பதுளையைச் சேர்ந்த முஸ்லிம் பெண் அதிகாரி ஒருவர். முக்காடு போட்டிருந்தார், மேட்டில் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. காலையிலேயே பக்கத்து வீட்டு அக்கா தம்பியைத் தூக்கிக்கொண்டு கீழ் லயத்துக்குப் போயிருந்தாள். கொடியில் கிடந்த சின்னத் துணிகளை மாமா அள்ளியிருந்தார். வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நான் பார்த்தேன், சேலைத் தொட்டில் உத்தரத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

போய் அதில் ஏறி உட்கார்ந்தேன்.

அம்மா சுவரில் சாய்ந்தபடி பதில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. "நீங்க போனா பிள்ளைய யாரு பாத்துக்கொள்ளுவாங்க?" என்று அவர் கேட்டார்.

"அவுங்க அப்பா இருக்காருங்க. தம்பி இருக்கான்..."

வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பியா?"

"என் தம்பிங்க" என்று அம்மா மாமாவைக் காட்டினாள். மாமா ஏனென்று தெரியாமல் கும்பிட்டார். வந்தவரின் பார்வை அவரைத் தாண்டி என்னிடம் வந்தது, தொட்டிலில் நின்றது.

"இவ்வளவு பெரிய மகளுக்குத் தொட்டிலா?"

"இத அவுத்தா அழுவேன்னு அப்பா விட்டு வச்சிருக்காருங்க" என்றேன். சொல்லிவிட்டு, வெட்கப்படுகிறவள்போல் சேலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"தம்பி தங்கச்சி வேணும்னு ஆசையில்லையா மகள்?"

"எங்கங்க படுக்க வைக்கிறது? எடமில்லையே."

அவர் சிரிக்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். பின்சுவரின் வெடிப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நம்பினாரா, நம்பாமலே விட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. "நெசமாவே போகத்தான் வேணுமா?" என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அம்மா தலையை மட்டும் அசைத்தாள். அவர் ஏதோ குறித்துக்கொண்டு, தேநீரைப் பாதி குடித்துவிட்டு எழுந்தார். மாமா அவரை ரோடு வரைக்கும் கொண்டுபோய் விடப் போனார்.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார்! நான் துள்ளிக் குதித்துக் கீழ் லயத்துக்கு ஓடி, தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா அவனை வாங்கியவள் அன்று முழுவதும் கீழே விடவில்லை. சோற்றைக்கூட அவனை மடியில் வைத்துக்கொண்டுதான் பிசைந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டு உருவாக்கியவளை இப்படியா உடனே கலைப்பது? வந்துபோனவர் எதையாவது மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் என்ன ஆகும்? ஒருவராவது ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா என்று நான் வாசலில் போய் நின்று பாதையைக் காவல் காத்தேன்.

"போயிட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் அம்மா.

"போயிட்டாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "திரும்பி வாறாங்களான்னு பாரு பிள்ள" என்றாள்.

"வரல. பயப்படாதீங்கம்மா."

மலையில் பனி இறங்கிப் பாதை மறையும் வரைக்கும் அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். மாசி பிறந்ததும் அவள் புறப்பட்டுப் போனாள். அதற்குப் பிறகும் பல வருடங்கள், அவர் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று அம்மா அன்று பயந்துபோய்த்தான் அப்படிக் கேட்டாள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.