அகலமான வாய்க்கால்

ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கத்திக் கூப்பிடுவதில்லை. சாப்பாடு தயார் என்றால்கூட மாடியிலிருக்கும் டேப்லெட்டுக்கு மெசேஜ்தான் போகும். ஊரில் இருந்திருந்தால் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பது அரை நாளில் தெருவுக்கே தெரிந்திருக்கும். இங்கே, என் எட்டு வயது மகள் மதுரா சைக்கிளிலிருந்து விழுந்து, ஹெல்மெட்டில் ஒரு கீறலோடு சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு வலது காது போய்விட்டதைப் பள்ளிக்கூடத்துச் செவிச் சோதனை சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பெற்றவளுக்குத் தெரியவில்லை.

ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் விளக்கினார். மலையிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர ரோமானியர்கள் கல்லால் கட்டிய கால்வாய்க்கு அக்விடக்ட் என்று பெயராம். உடம்பை அறுத்துப் பார்த்த பழைய மருத்துவர்கள், உள்காதிலிருந்து மூளைப் பக்கம் போகும் மெல்லிய எலும்புக் கால்வாய்க்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். மதுராவுக்கு அது இரண்டு காதிலும் பிறவியிலேயே அகலம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. வாய்க்கால் அகலம் என்றால் எங்களுக்கு நல்ல செய்தி. அகலமாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அது அகலமாக இருப்பதால்தான் சைக்கிளிலிருந்து விழுந்ததற்கே வலது காது போனது, இனி தலையில் சின்ன அடி பட்டாலும் இடது காதும் போகலாம், கால்வாயைச் சரிசெய்ய ஆபரேஷன் கிடையாது என்றார். ரோமில் கட்டியது இன்னமும் நிற்கிறதாம். என் பெண்ணுக்குள் இருப்பது ஒரு பந்து பட்டால் தாங்காதாம்.

சாக்கர் வகுப்பை நிறுத்தினோம். டிராம்போலினைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். மேஜை முனைகளில் என் கணவர் ஸ்பாஞ்ச் ஒட்டினார். எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்றுதான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். பிள்ளையார் முன்னால் நின்றதும் மதுரா வழக்கம்போல் முஷ்டிகளை மடக்கி நெற்றிப்பொட்டில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். அடுத்தது விழுவதற்குள் பாய்ந்து பிடித்தேன். நடக்கப் பழகிய வயதில் அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எப்படி மறந்தேன்?

"அம்மா பேசறது கேக்குதாடி? சொல்லு, கேக்குதா?"

பின்னாலிருந்த ஆன்ட்டி, குழந்தை சாமிதானே கும்பிடுகிறது, விடும்மா என்றார். என்னால் விட முடியவில்லை.

"ஐ கேன் ஹியர் யூ, அம்மா," என்றாள் மதுரா. பிறகு பிள்ளையாரைப் பார்த்தபடியே, "பட் ஹவ் வில் ஹி நோ ஐ ஆம் சாரி?"

ஒரு கையால் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவளுக்காக என் தலையில் குட்டிக்கொண்டேன். வலித்தது. இன்னும் பலமாகக் குட்டினேன்.