மயிலிட்டிக்குக் கொண்டுபோன ஆவரசு முடிவு

கொழும்பில் காலை ஆறரைக்கு ஏறிய ரயில் தெல்லிப்பழையை அடைந்தபோது பிற்பகல் இரண்டரை. முறிகண்டிக்குப் பிறகு மின்விசிறியும் நின்றுவிட்டது. இம்முறை மூலிகை பறிக்க வரவில்லை. ஒரு செய்தி சொல்ல வந்தேன்.

மூலிகைச் சாறுகள் எச்.ஐ.வி.யைத் தடுக்குமா என்று சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். போன முறை மயிலிட்டியில், நீரிழிவுக்கு ஊரில் அவித்துக் குடிக்கும் ஆவாரை என்கிற ஆவரசு இலை பறிக்க வழிகாட்டியவர் யோகராசா அண்ணை, கடற்றொழிலாளி. இலை எதற்கென்று கேட்டார். சொன்னேன். தனக்கும் எச்.ஐ.வி. வருத்தம்தான், மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்றார்.

முதற் சோதனையில் வைரசு அடங்கியது. அடுத்த சோதனையில் காரணம் தெரிந்தது: சாறு, வைரசு வாழும் உயிர்க்கலங்களையே சாகடித்திருந்தது. அந்த வாரம்தான் அவர் மனைவி கமலா அக்கா தொலைபேசியில் அழைத்தார். அண்ணை கிளினிக்கில் தந்த குளிசை மாத்திரைகளை நிறுத்திவிட்டு ஆவரசை அவித்துக் குடிக்கிறாராம். என்னோடு பேச அவர் தொலைபேசியைக்கூட வாங்கவில்லை.

நிலையத்திலிருந்து மயிலிட்டிக்கு ஆறு கிலோமீற்றர் இருக்கும். ஆட்டோவுக்கு எண்ணூறு ரூபாய். யார் வீட்டுக்கு, என்ன விசயம் என்று ஓட்டுநர் விடாமல் கேட்டார். சொந்தக்காரர் என்றேன். செம்மண் தோட்டங்கள் முடிந்து, போரில் கூரையிழந்த வீடுகள் வந்து, கடல் தெரிந்தது.

மூன்று மணிக்கு அண்ணை முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். சோதனையில் நடந்ததை விளக்கினேன்.

“அப்ப இலை கிருமியைக் கொல்லேல்லையோ, தங்கச்சி?”

“இல்லை அண்ணை. கிருமி இருந்த இடத்தைத்தான் அழிச்சது.”

வலை ஊசியைக் கீழே வைத்தார்.

“குளிசையைக் கண்டா என்னத்துக்கெண்டு கேப்பினம். இலை அவிச்சுக் குடிச்சா, சீனி வருத்தமாக்கும் எண்டு போயிடுவினம்.”

வாசற்படியில் இருந்த கமலா அக்கா சொன்னார்: “அப்ப குளிசையையும் சீனிக்கெண்டே சொல்லுங்கோ. ஊர் அதைத்தானே நம்பியிருக்கு.”

அண்ணை வலையைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போனார். ஆனால் மறுநாட் காலை கிளினிக் இருக்கும் யாழ்ப்பாணத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு எனக்கும் அக்காவுக்கும் முன்னால் வந்து நின்றார். கிளினிக் வாசலில் என் கையைப் பிடித்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பும் ரயிலில் உடம்பெல்லாம் வலித்தது. கொழும்பில் ஒரு சாறு தோற்றால் முடிவைப் பதிந்துவிட்டு அடுத்த இலையை எடுப்போம். பத்து நிமிட வேலை. அதையே இங்கே ஒருவரிடம் சொல்லிவிட்டு வர இரண்டு நாள் ஆகியிருந்தது.

வவுனியா தாண்டும்போது கமலா அக்கா அழைத்தார். இரத்தம் எடுத்தார்களாம், குளிசை தந்தார்களாம்.

“குளிசையை விட்டதுக்கு ஒருத்தரும் ஏசேல்லை, பிள்ளை,” என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.