கிழங்கு தராதவள்

எங்கள் பூந்தோட்டக் குழுவில் பெயர் கெட்டுப்போக இரண்டே வழிகள்தான். கிழங்கோ கன்றோ கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது ஒன்று. அடுத்தவர் பூவின் படத்தைத் தன் பூ என்று போடுவது இன்னொன்று. மற்றதையெல்லாம் மன்னித்துவிடுவார்கள். ரோஜாவுக்குக் கல்லுப்பு போடச் சொன்ன மனுஷனையே மன்னித்தார்கள். போனுக்குள் இருக்கும் குழுதான், ஆனால் முறை வரிசை எல்லாம் கல்யாண வீட்டில் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். வாங்கிய கிழங்கில் முதல் பூ வந்ததும் கொடுத்தவர் பெயரோடு படம் போடாவிட்டால், அதற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

எங்களுக்கு ஹட்டன் பஜாரில் துணிக்கடை. மாடியில் வீடு. அதற்கும் மேலே மொட்டைமாடியில், பழைய பெயின்ட் வாளிகளில் என் டேலியாக்கள். கடையில் வருகிறவர்களிடம் நான் அதிகம் பேச மாட்டேன். "அங்க மூடி வச்ச வாயையெல்லாம் வட்டியும் முதலுமா போன்ல தொறக்கிற" என்பார் என் வீட்டுக்காரர். உண்மைதான். யாராவது ஏறுக்குமாறாக எழுதினால் எனக்குக் கை சும்மா இருக்காது.

அவளை அந்தக் குழுவில்தான் தெரியும். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிறவள், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். முதலில் ஒரு கேள்வியோடு வந்தாள். அடை மழையில் டேலியாக் கிழங்கு அழுகாமலிருக்க என்ன செய்வது என்று கேட்டாள். மண்ணை மேடு கட்டி, அடியில் கருங்கல் சல்லி போடச் சொன்னேன். அன்றிலிருந்து நான் அக்கா, அவள் தங்கச்சி. எழுத்தில் நீட்டி எழுத வராது அவளுக்கு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் குரல் பதிவு அனுப்புவாள். மூச்சு வாங்கும், பின்னால் யாராவது சிரிப்பார்கள், நடுவில் "அக்கா, மொட்டு விட்டுருச்சுக்கா" என்பாள்.

பிறகு பூக்கள் வந்தன. அடேயப்பா, என்ன பூக்கள்! சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருஞ்சிவப்பு. படத்தில் பூ மட்டும்தான் இருக்கும், ஓர் இலை, மிஞ்சினால் கொஞ்சம் பனி. கீழே எல்லோரும் போட்டி போட்டு எழுதுவார்கள். வட்டவளையிலிருந்து ஒரு அம்மா, "கண்ணு படப்போகுது, சுத்திப் போடுங்க" என்று எழுதினார். அதற்கு அவள் பதிலே எழுதவில்லை. ஒரு கும்பிடு மட்டும் போட்டாள்.

அப்புறம் ஆளாளுக்குக் கிழங்கு கேட்கத் தொடங்கினார்கள். முதலில் கேட்டவரே அந்த வட்டவளை அம்மாதான். "மன்னிச்சுக்கங்க, தர முடியாது" என்றாள். அடுத்தவருக்கும் அதே வரி. பஸ் செலவைத் தருகிறோம் என்றவர்களுக்கும் அதே. காரணம் சொல்லவில்லை. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், பன்றி தோண்டித் தின்றுவிட்டது என்றாவது. அதுவும் சொல்லவில்லை.

வட்டவளை அம்மா எழுதினார்: "பூவ காட்டத் தெரியுது, குடுக்கத் தெரியல." அடுத்த நாள் மற்றவர்கள் வாயில் அதுவே வேறு மாதிரித் திரும்பியது. கிழங்கு இருந்தால்தானே கொடுப்பாள்? ஏன் எப்போதும் பூ மட்டும் தெரிகிறது, பாத்தி ஏன் தெரியவில்லை? லயத்து வாசலில் இவ்வளவு பெரிய பூவா? எங்கேயோ எடுத்த படம்.

லயம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறியது. லயத்து மண்ணில் டேலியா முளைக்காதா, பங்களாவுக்கு மட்டும்தான் பூக்குமா என்று கேட்டேன். குழுவை நடத்துகிறவர் கந்தப்பளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லோருக்கும் அவர் சேர். "அக்கா, உணர்ச்சிவசப்பட வேண்டாம். தூரத்தில் நின்று முழுப் பாத்தியும் தெரிய ஒரு படம் போட்டால் பிரச்சினை முடிந்தது. ஞாயிறு வரை பார்ப்போம்" என்று எழுதினார். நியாயமாகத்தான் பட்டது. அவளிடம் சொன்னேன்.

"வேணாங்கக்கா, விட்டுருங்க" என்றாள்.

"என்னத்த விடுறது? உங்கள கள்ளின்னு சொல்றாங்க தங்கச்சி!"

எனக்கு அவள் மேலேயே கோபம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை மஸ்கெலியா பஸ்ஸில் ஏறிவிட்டேன். நானே படம் எடுத்துப் போட்டு, அத்தனை பேர் வாயையும் அடைக்க வேண்டும் என்ற வெறி. வருகிறேன் என்று ஏறிய பிறகுதான் அவளுக்குச் சொன்னேன்.

தோட்டத்துச் சந்தியில் வந்து நின்றாள். குரலைக் கேட்டு நான் நினைத்ததைவிட ஒல்லி. லயத்துக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். வாசலில் ஒரு மிளகாய்ச் செடி, ஒரு முருங்கைக் கன்று. டேலியா இல்லை. ஐயோ, அவர்கள் சொன்னது நிஜமோ?

"எங்க தங்கச்சி பூவு?"

முன்னால் நடந்தாள். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. கொஞ்சம் ஏறியதும் மேட்டில் தேயிலை இல்லாத ஒரு துண்டு நிலம், அங்கே மண் மேடுகள், சில சிமெந்துக் கல்லறைகள். ஓரத்தில் ஒரு சின்ன மேடு. சுற்றிக் கம்பி வலை, வெள்ளையடித்த கற்கள். மேடு முழுக்க அந்தக் கருஞ்சிவப்புப் பூக்கள். தலைமாட்டில், பள்ளிக்குக் கொண்டுபோகும் ரோஸ் நிறத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று நட்டு வைத்திருந்தது.

"எம் மகக்கா. ஏழு வயசு. காச்சல்னு தூக்கிட்டுப் போனோம், உசுரோட கொண்டாரல."

நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மேடு கட்டச் சொன்னவள் நான்தான். சல்லி போடச் சொன்னவளும் நான்தான். அவள் இந்த மேட்டுக்குத்தான் அதைக் கேட்டிருக்கிறாள்.

"பொதச்ச எடத்து மண்ணுல வெளஞ்ச கெழங்கு" என்றாள். "அத எப்பிடிக்கா இன்னொரு வீட்டுக்குக் குடுப்பேன்? அவங்க வீட்டுலயும் புள்ளைங்க இருக்குமே."

வலையோரம் காய்ந்த மிளகாயும் கல்லுப்பும் கருகிக் கிடந்தன. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "வட்டவளை அம்மா சுத்திப் போடச் சொன்னாங்கல்ல. அதான் போட்டேன். பூவுக்கு யாராச்சும் சுத்துவாங்களான்னு பக்கத்துல சிரிச்சாங்க. ஆனா எனக்கு, அம்புட்டுப் பேரும் எம் புள்ளையப் பாத்து அழகுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சுக்கா."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒப்பாரிக்குப் போன இடத்தில்கூட நான் அப்படி அழுததில்லை. அவள்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"சேர் கிட்ட மட்டும் சொல்லிர்றேன் தங்கச்சி. வேற யாருக்கும் தெரியாது" என்றேன்.

"வேணாங்கக்கா. சொன்னா பாவம்னு சொல்வாங்க. இதுவரைக்கும் அழகுன்னு சொன்னவங்க." "கள்ளின்னு என்னத்தானே சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டும்" என்றாள்.

என் கையைப் பிடித்து, சொல்ல மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். படம் எடுக்காமல் போனைப் பைக்குள் போட்டேன்.

அன்று சாயங்காலமே சேர் அவளை நீக்கிவிட்டார். படத் திருட்டுக்கு இங்கே இடமில்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே கைதட்டல். நான் எழுதினேன், அழித்தேன், திரும்பவும் எழுதினேன். வாயாடி என்று பெயர் எடுத்தவள், வாக்குக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு அந்தக் கைதட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவ கள்ளி இல்ல, நான் கண்ணால பாத்தேன்" என்று கடைசியில் ஒரு வரி போட்டேன். "அப்போ படம் எங்கே அக்கா?" என்று கேட்டார் வட்டவளை அம்மா.

மறுநாள் அவள் குரல் வந்தது. அழவில்லை. "படத்தையெல்லாம் அழிச்சிட்டாங்களாக்கா?"

"ஆமா தங்கச்சி. படம் உங்க போன்ல இருக்குந்தானே?"

"படம் இருக்குக்கா. கீழ எழுதியிருந்தாங்கல்ல, அது?"

அதுவும் போய்விட்டது என்று எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சரிங்கக்கா என்றாள். அதன் பிறகு மாதக் கணக்கில் அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இந்த முறை பூக்கும் பருவத்தில், கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது. எனக்கு மட்டும். முதல் தடவையாகத் தூரத்தில் நின்று எடுத்திருக்கிறாள். மேடு, வெள்ளைக் கற்கள், தண்ணீர்ப் போத்தல், பூ, எல்லாமே தெரிகின்றன. சேர் கேட்ட அதே படம்.

துணியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் குழுவில் யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்று யோசித்து யோசித்து, ஞாபகம் வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு எழுதினேன். அடேயப்பா, என்ன அழகு. கண்ணை எடுக்க முடியல. நெஞ்சு நிறைஞ்சு போச்சு. நூற்றுக்கணக்கான பேர் சொன்னதை ஒருத்தி சொன்னால் எவ்வளவு ஆகும்? இருந்தாலும் எழுதினேன். கடைசியாக வட்டவளை அம்மாவின் வரி. அந்த அம்மா மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதினேன்.

"கண்ணு படப்போகுது, சுத்திப் போடுங்க."

வெகு நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது. மூச்சு வாங்கியது, மேட்டில் ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

"போட்டுட்டேங்கக்கா."